முடி முளைத்த தவளை

எங்கள் ஊரில் பிள்ளைகள் நாங்கள் அப்போது காந்தம் வளர்த்தோம். மற்ற ஊர்களில் நாய், பூனை வளர்ப்பதைப் போலத்தான். உடைந்த ரேடியோவிலிருந்து கழற்றிய வட்டக் காந்தம் ஒன்றில் கயிறு கட்டித் தெருவில் இழுத்துக்கொண்டு போனால் போதும், வீடு திரும்புவதற்குள் அதற்கு முடி முளைத்துவிடும். கருப்பாக, பொடிப்பொடியாக, சிலிர்த்த பூனையின் முதுகைப் போல விறைத்து நிற்கும். யாருடைய காந்தத்துக்கு முடி நீளம் என்று போட்டி வேறு. ஆறாம் வகுப்பில் நான்தான் முதல். பெருமைக்காகச் சொல்லவில்லை. என் காந்தம் பெரியது, அவ்வளவுதான்.

அந்த முடி இரும்புத் தூள் என்பது எங்களுக்குத் தெரியும். கும்மிடிப்பூண்டிப் பக்கத்துக் கம்பெனிகளின் புகைபோக்கிகளிலிருந்து அது வருகிறது என்று அறிவியல் டீச்சர் சொல்லியிருந்தார். அதைத்தான் மூச்சாகவும் இழுத்துக்கொண்டிருக்கிறோம் என்ற அடுத்த வாக்கியத்தை அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அம்மா மட்டும் அந்தத் தூளோடு தனியாக ஒரு போர் நடத்திக்கொண்டிருந்தாள். கிழிந்துபோன என் பள்ளிக்கூடப் பாவாடையிலிருந்து வெட்டிய ஒரு நீலத் துணி எப்போதும் அவள் இடுப்பில் செருகியிருக்கும். காலையில் ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை டிவி, பிரிட்ஜ், சாமி படம், ஜன்னல் கம்பி எல்லாவற்றையும் துடைப்பாள். நடுவில் நான் குறுக்கே போனால் என் நெற்றியையும் சேர்த்துத் துடைத்துவிடுவாள். அடுத்த வீட்டுக்குப் பேசப் போனாலும், பேச்சோடு பேச்சாக அவர்கள் வீட்டு மிக்சியைத் துடைத்துக்கொண்டிருப்பாள். "தொடச்சு தொடச்சு இன்னாத்தக் கண்ட?" என்று அப்பா கேட்பார். அப்பா லாரி டிரைவர். மாதத்தில் பாதி நாள் வடக்கே எங்கேயாவது இருப்பார். அதனால் அம்மா பதில் சொல்வதற்குள் அவர் கிளம்பியிருப்பார்.

இனி ஏரி. தெருவைத் தாண்டினால் கரை, கரையில் ஏறினால் ஏரி. தண்ணீர் துருப்பிடித்த தகரத்தின் நிறத்தில் இருக்கும். காற்றடிக்கும் நாளில் ஓரமெல்லாம் நுரை ஒதுங்கி, அது உடையாமல் அப்படியே காய்ந்து படலமாகிவிடும். கொக்கு வந்து இறங்காது. கொசுகூட அங்கே முட்டையிடாது என்று மாமா சொல்வார். அதை அவர் வேடிக்கையாகச் சொன்னாரா என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம். பயமுறுத்தியது நிறமல்ல, சத்தமில்லாமைதான். கரைமேல் நின்று கல்லை எறிந்தால் அது விழும் ஒலிகூட அரைகுறையாகத்தான் கேட்கும், யாரோ பாதியிலேயே வாயைப் பொத்திவிட்டதைப் போல.

ஏரிக்குத் தண்ணீர் வரும் வரத்துக்கால்வாயில் மூன்று கழிவுக் குழாய்கள் திறந்துகொண்டிருந்தன. எங்கிருந்து வந்தன என்பது மண்ணுக்குள் போய்விட்ட விஷயம். அவற்றை அடைக்கச் சொல்லித் திருவள்ளூரில் கலெக்டரிடம் மனுக் கொடுக்கவேண்டும் என்று அலைந்துகொண்டிருந்தவர் மாமா, அம்மாவின் தம்பி. பக்கத்து வீட்டில் இருந்தார். கம்பி உருட்டும் கம்பெனி ஒன்றில் பிட்டர் வேலை. அவர் சோறு தின்றதும் அந்தப் புகைபோக்கிகளில் ஒன்றின் அடியில்தான் என்பது தெருவில் எல்லோருக்கும் தெரிந்த, யாரும் வாயைத் திறக்காத சங்கதி.

"அக்கா, ஊர்ல போர்த் தண்ணியெல்லாம் மஞ்சளாயிடுச்சு. தெருக்கோடி கைப்பம்பு ஒண்ணுதான் நல்லாகீது. இந்த மழையில ஏரி ரொம்பிச்சின்னா அதுக்குள்ளயும் எறங்கிடும். அதுக்குள்ள கொழாய அடைக்கணும். பத்து பேர் போனா பேப்பர வாங்கி வெச்சுக்குவாங்க. தெருவே போயி நின்னாதான் எந்திரிச்சு வருவாங்க" என்றார் ஒரு நாள்.

அம்மா பிரிட்ஜின் தலையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "போன தடவ நானுந்தான வந்தேன்? நாள் பூரா வெயில்ல நின்னுக்கினு இருந்தேன். இன்னா ஆச்சு? போடா, பொழப்பப் பாரு."

"நீயே இப்டி சொன்னா இன்னா பண்றது?"

"நான் சொல்லலன்னாலும் அதான் ஆவப்போவுது. செத்த ஏரிக்கு வைத்தியம் பாக்குறானாம்."

தெருவும் அதையேதான் சொன்னது, வேறு வேறு வார்த்தைகளில். டீக்கடைக்காரர் மட்டும் ஒரே வார்த்தையில் சொன்னார்: "பேஜாரு."

இப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் சாயங்காலம் ஏரியில் தவளை கத்தியது.

ஆறரை மணி இருக்கும். நான் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். முதலில் ஒன்று. அப்புறம் அதற்குப் பதில் சொல்வதுபோல இன்னொன்று. பிறகு நூறு, இருநூறு. அடித்துப் பெய்த மழைக்கு மறுநாள் வயலில் கேட்குமே, அந்த மாதிரி. ஆனால் மழை பெய்து மாதங்களாகியிருந்தன. எதிர்வீட்டில் டிவியை அணைத்தார்கள். அதற்கடுத்த வீட்டிலும் அணைத்தார்கள். ஆட்கள் ஒவ்வொருவராக வாசலுக்கு வந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். யாரும் கரைக்குப் போகவில்லை. போனால் நின்றுவிடுமோ என்று பயந்தார்களோ, போனால் என்ன தென்படுமோ என்று பயந்தார்களோ, தெரியாது. எனக்கு இரண்டும் இருந்தன. நான் பிறந்த நாளிலிருந்து வாயே திறக்காத ஏரி அது. ஒரு மணி நேரம் கத்திவிட்டு, கதவைச் சாத்தியதுபோல ஒரே நொடியில் நின்றது.

அம்மா வாசலுக்கு வரவில்லை. சமையற்கட்டில் நின்றபடியே, "கல்யாணமாயி வந்த புதுசுல இதுங்க தூங்கவே வுடாதுங்க. சனியனுங்க" என்றாள். கையில் துணி இருந்தது, துடைக்கவில்லை.

மறுநாளும் கத்தின. அதற்கு மறுநாளும். அதே ஆறரை.

எனக்குப் பொதுவாகவே பொறுமை கிடையாது. இப்போதும் ஒரு பாட்டில் தண்ணீர் கையில் கிடைத்தால் அதில் தண்ணீரின் தரம் பார்க்கும் சோதனைத் தாளை முக்காமல் இருக்கமாட்டேன். ஐந்தாம் நாள் பள்ளிக்கூடம் விட்டதும் பையோடு நேராகக் கரைக்குப் போனேன். பழைய மதகு இடிந்துபோய், செங்கல் பொந்தாகக் கிடந்தது. அதற்குள் எட்டிப் பார்த்தேன். உள்ளே ஒன்று குந்தியிருந்தது.

உருண்டையாக, இரண்டு கையளவு. முகம் முழுக்கக் கருப்பு முடி. முடி அத்தனையும் என்னைப் பார்த்து நின்றது. நான் கத்தவில்லை. எவ்வளவு நேரம் நின்றேனோ, என் கை தன்னால் சட்டைப் பைக்குப் போய்க் காந்தத்தைத் தொட்டது. அதன் முடி உள்ளங்கையில் குத்தியதும் புரிந்துவிட்டது. முடியை விரலால் தள்ளினேன். அடியில் இரும்பு வலை. ஓரத்தில் ஒரு சின்ன விளக்கு. மாமா கிரிக்கெட் கமென்ட்ரி கேட்கும் ஸ்பீக்கர். அதன் காந்தம் ஊர்த் தூளையெல்லாம் முகத்தில் இழுத்து வைத்துக்கொண்டிருந்தது.

அன்றைக்கு மாமாவைக் கம்பெனி வாசலிலேயே பிடித்துக்கொண்டேன். சைக்கிளை விட்டு இறங்காமலே கேட்டேன். அவர் ஹேண்டில்பாரைப் பிடித்து என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"பள்ளிப்பட்டுல உங்க அத்தை ஊட்டாண்ட பதிவு பண்ணது. கழனியில. டெய்லி நாந்தான் போயி பட்டன அமுக்குறேன். யார்கிட்டயும் சொல்லிடாத கண்ணு."

"பொய்தான மாமா இது?"

"பொய்தான்" என்றார் உடனே. "செத்துப்போச்சின்னு சொல்லிக்கினு யாரும் கெளம்ப மாட்டேங்கிறாங்க. உசிரு இருக்குதுன்னு தெரிஞ்சா கெளம்புவாங்க இல்ல? வேன் ரொம்புற வரைக்குந்தான். சத்தியம் பண்ணு."

பண்ணினேன். ஏரியில் தவளை இல்லை என்பது ஊரிலேயே எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும் என்ற நினைப்பில் எனக்கு அன்றிரவு சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

ஆனால் மாமா கணக்குப் போட்டது ஒன்று, தெரு போட்டது ஒன்று. சத்தம் கேட்கக் கேட்கத் தெருவின் முகம் தெளிந்தது உண்மை. கதவுகள் திறந்தன. சாயங்காலம் ஆறு மணிக்கே நாற்காலிகள் வாசலுக்கு வந்துவிடும். சுண்டல்கூட விற்பனைக்கு வந்தது. மாமா மனுவோடு போனால் மட்டும், "இன்னாத்துக்குப்பா மனு? அதான் தானா சரியாவுதே" என்று சிரித்தார்கள். "தவளைக்குத் தெரியாததா கலெக்டருக்குத் தெரியப்போவுது?" என்றார் டீக்கடைக்காரர். முன்பாவது திட்டினார்கள். இப்போது டீ வாங்கிக்கொடுத்து அனுப்பினார்கள். அடுத்த திங்கட்கிழமைக்கு வேன் சொல்லியாகிவிட்டது. ஏறுவதற்குச் சம்மதித்தவர்கள் மாமாவும் டிரைவரும்தான்.

போதாக்குறைக்கு அத்தை ஒரு காரியம் செய்தாள். மாமாவின் மனைவி, ஆந்திரா எல்லைப் பக்கம் பள்ளிப்பட்டுக்காரி. பாவம், அவளும் அந்தச் சத்தத்தை நம்பினாள். அது தன் பிறந்த வீட்டுக் கழனியில் பதிவானது என்று தெரியாமலே, அதைக் கேட்டுப் பிறந்த வீட்டு நினைப்பில் கண் கலங்கினாள். "எங்க நைனா ஊர்ல மழைக்கு கப்பதல்லின்னு தவளையம்மா சுத்துவோம். ஏரித் தவளை ஒண்ணப் பிடிச்சு, வேப்பெலையோட உலக்கையில கட்டி, ஊடு ஊடா எடுத்துக்கினு போனா எல்லாரும் தண்ணி ஊத்துவாங்க. மழை கொட்டும். மழை வந்தா ஏரியக் கழுவி உட்டுடும்" என்று தெருவெல்லாம் சொன்னாள். தெரு பிடித்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை சுற்றுவதென்று முடிவு. தவளை பிடித்து வரும் பொறுப்பு, ஏரியைப் பற்றி ஓயாமல் பேசுகிறவர் என்பதால், மாமாவுக்கு.

வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு பள்ளிப்பட்டுக்கு பைக்கில் கிளம்பினார். பின்னால் ஒரு காலி பெயின்ட் வாளி, மூடியில் ஆணியடித்த ஓட்டைகளோடு. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நாளைக்கு சாயங்காலந்தான் வருவேன். ரெண்டு நாளும் சத்தம் வராது. யாராவது கேட்டா, காத்து சரியில்லன்னு சொல்லு" என்றார்.

வெள்ளிக்கிழமை ஆறரைக்கு வாசலில் நின்று, கேட்கிறவர்களுக்குச் சொல்வதற்காகக் காற்று சரியில்லை என்ற வாக்கியத்தை வாய்க்குள் சுழற்றிக்கொண்டிருந்தேன்.

ஏரி கத்தியது.

மாமா பள்ளிப்பட்டில். ஸ்பீக்கரில் சார்ஜ் தீர்ந்து நேற்றே சிவப்பு விளக்கு எரிந்ததை நான் பார்த்திருந்தேன். தெரு சுண்டல் தின்றுகொண்டிருந்தது. அது பொய்ச் சத்தம் என்று தெரிந்தவள் நான் ஒருத்தி. அதனால் அதைக் கேட்டுப் பயந்தவளும் நான் ஒருத்திதான். அம்மாவைக் கட்டிக்கொள்ளலாம் என்று உள்ளே ஓடினேன். அடுப்பு சிம்மில் எரிந்துகொண்டிருந்தது, அம்மா இல்லை. மளிகைக்கடைக்குப் போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை வெளிச்சம் நன்றாக வந்த பிறகு மதகுக்குப் போனேன். ஸ்பீக்கர் அதே இடத்தில், அதே வாக்கில் குந்தியிருந்தது. சார்ஜ் ஏறி, விளக்கு பச்சையாக எரிந்தது. முகத்தில் ஒரு முடிகூட இல்லை. சவரம் செய்ததைப் போல, வலையின் ஒவ்வொரு கண்ணும் பளபளவென்று. எங்கள் ஊரில் எந்தப் பொருளும் ஒரு ராத்திரிக்கு மேல் கருக்காமல் இருந்ததில்லை. முடி முளைத்திருந்தபோதுகூட நான் அவ்வளவு பயப்படவில்லை. செத்துப்போன தவளைகளெல்லாம் ராத்திரி கரையேறி வந்து, தங்கள் குரல் அடைபட்டுக் கிடக்கும் பெட்டியை நக்கிச் சுத்தம் செய்கின்றன என்று ஒரு படம் மனதில் வந்தது. வந்தது போகவே இல்லை.

அன்று சாயங்காலமும் கத்தியது. அது கத்திக்கொண்டிருக்கும்போதே மாமாவின் பைக் தெருவில் திரும்பியது. அவர் காலை ஊன்றி நின்று ஏரிப் பக்கம் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"கில்லாடி நீ" என்றார் மெதுவாக.

"நான் இல்ல மாமா. சத்தியமா நான் இல்ல."

"சரி சரி, நீ இல்ல" என்று கன்னத்தைத் தட்டிவிட்டுப் போய்விட்டார். பொய் சொல்கிறவர்களோடு சேர்ந்தால் இதுதான் கஷ்டம். உண்மை சொல்லும்போது நம்பமாட்டார்கள்.

வாளியில் பதினோரு தவளைகள் இருந்தன. மஞ்சளும் பச்சையுமாக, தொண்டை துடிக்கத் துடிக்க. நான் உயிருள்ள தவளையை அவ்வளவு கிட்டத்தில் பார்த்தது அதுதான் முதல் தடவை. கரையோரம் வலைபோட்டுப் பிடித்ததாகத் தெருவுக்குச் சொல்லப்பட்டது.

ஞாயிற்றுக்கிழமை உலக்கையின் நடுவில் ஈரத்துணியில் தவளையைக் கட்டி, வேப்பிலை சுற்றி, அத்தையும் இன்னொருத்தியும் தோளில் தூக்கிக்கொண்டார்கள். அத்தை தெலுங்கில் பாடினாள். முதல் வீட்டுக்காரி குடத்தைத் தூக்கி ஊற்றப் போனாள்.

"அய்ய, நில்லு நில்லு" என்று பின்னாலிருந்து ஒருத்தி கத்தினாள். "போர்த் தண்ணியா அது? ஊத்தாத, தவளை செத்துடும்."

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே கைப்பம்புக்கு ஓடித் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து ஊற்றினார்கள். ஏரியிலேயே பிறந்து வளர்ந்த தவளை போர்த் தண்ணீருக்கு எப்படிச் சாகும் என்று யாரும் கேட்கவில்லை. மாமா மட்டும் தலையைக் குனிந்துகொண்டார்.

தெரு முழுக்கச் சுற்றி முடிக்கச் சாயங்காலமாகிவிட்டது. தவளைகளைத் திரும்ப ஏரியிலேயே விடவேண்டும் என்பது முறையாம். முதல் தடவையாக மொத்தத் தெருவும் கரையேறியது. அம்மா வரவில்லை. "எனக்கு வேலையிருக்குது. நீங்க போயி ஆடுங்க" என்றாள். சூரியன் புகைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. தண்ணீருக்கும் வானத்துக்கும் ஒரே துருநிறம். அத்தை வாளியைச் சாய்த்தாள். பதினொன்றும் தொப் தொப்பென்று குதித்தன. கை தட்டினார்கள்.

தட்டிய கை கீழே இறங்குவதற்குள் முதல் தவளை வெளியே வந்துவிட்டது. கரைச் சரிவில் நான்கு காலாலும் தொற்றி ஏறி, மேட்டுக்கு வந்து, ஏரிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தது. அடுத்து இரண்டு. அப்புறம் எல்லாம். அவசரப்படவில்லை. ஒவ்வொன்றாக வந்து, வரிசை மாதிரி இடம் விட்டு, பதினொன்றும் எங்களைப் பார்த்து உட்கார்ந்தன. தொண்டைகூட அசையவில்லை. ஒரு குழந்தை ஒரு தவளையைக் குச்சியால் தள்ளித் தண்ணீர்ப் பக்கம் திருப்பியது. அது நிதானமாகத் திரும்பி உட்கார்ந்தது.

அந்தக் குழந்தையின் தாய் குச்சியைப் பிடுங்கிப் போட்டாள்.

அப்போது மணி ஆறரை. அவற்றின் முதுகுக்குப் பின்னால் ஏரி கத்தத் தொடங்கியது.

நூறு தவளை, இருநூறு தவளை. வாய் மூடி உட்கார்ந்திருந்த பதினொன்றும் எங்கள் காலடியில். நான் மாமாவைப் பார்த்தேன். மாமா என்னைப் பார்த்தார். நான் அவர் பக்கத்திலேயே நிற்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. மதகுப் பக்கம் திரும்பும் தைரியம் எங்கள் இருவருக்குமே வரவில்லை.

தெரு அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நின்றது. ஒவ்வொருவரும் தவளைகளைப் பார்த்தார்கள், ஏரியைப் பார்த்தார்கள், மறுபடி தவளைகளைப் பார்த்தார்கள். இனி மாமாவை அடிப்பார்கள் என்றே நினைத்தேன். டீக்கடைக்காரர் மாமாவின் கிட்டத்தில் வந்தார்.

"வேனு எத்தன மணிக்குப்பா?"

"ஏழு" என்றார் மாமா. மறுபடியும் சொன்னார். "ஏழு மணி."

"நாஷ்டா கட்டிக்கினு வந்துடணுமா, அங்கயே பாத்துக்கலாமா?"

அவ்வளவுதான். சத்தத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றும் கேட்கவில்லை, இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் கேட்கவில்லை. அத்தை பதினொன்றையும் பொறுக்கி வாளியில் போட்டுக்கொண்டுபோய்க் கைப்பம்படியில் தேங்கிய தண்ணீரில் விட்டாள்.

மறுநாள் ஒரு வேன் போதவில்லை. அந்தத் திங்களோடு முடியவில்லை, இன்னும் பல திங்கட்கிழமைகள் போனார்கள். கடைசியில் அதிகாரிகள் வந்தார்கள், இரண்டு குழாய்களை அடைத்தார்கள். மூன்றாவது இன்னும் திறந்திருக்கிறது, அதற்காக இப்போது நானும் போகிறேன். ஏரியின் நிறம் கொஞ்சம் வெளுத்திருக்கிறது என்று எனக்குப் படுகிறது, என் சோதனைத் தாள் அவ்வளவு உறுதியாகச் சொல்லவில்லை. பம்புத் தண்ணீர் இன்னும் கெடவில்லை. மழை பெய்தால் பம்படியில் ஒன்றிரண்டு கத்தும், ஆறரைதான் என்றில்லை, நினைத்த நேரத்துக்கு.

நான் சொல்ல வந்தது அந்த முதல் திங்கட்கிழமைக் காலையைப் பற்றி. ஆறேமுக்காலுக்கு நானும் மாமாவும் போய்ப் பார்த்தபோது, வேனில் ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருந்தார். முன்சீட்டில், ஜன்னலோரம். அம்மா.

"நீயாக்கா?" என்றார் மாமா.

"ஏன், நான் வரக்கூடாதா? ஒண்ணும் ஆவப்போறதில்ல, அது வேற" என்றாள் அம்மா. இடுப்பிலிருந்து நீலத் துணியை உருவி ஜன்னல் கண்ணாடியை அழுத்தித் துடைத்தாள். துடைத்துவிட்டு, காய்வதற்காக முழங்கால்மேல் விரித்துப் போட்டாள்.

துணியின் நடுவில் வட்டமாக ஒரு கருப்பு அச்சு இருந்தது. உள்ளே சின்னச் சின்னக் கட்டங்கள், வலையை வைத்து அழுத்தி எடுத்ததைப் போல, கண்ணுக்குக் கண் துல்லியமாக. நான் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்துவிட்டு, செத்த தவளைகளை நினைத்துப் பயந்துகொண்டே, அம்மாவின் தோளில் சாய்ந்து தூங்கிப்போனேன்.